இரண்டு பக்கமும் நானே: தனியாக வாட்டர்லூ விளையாடிய எட்டு மாதம்

போன செப்டம்பரில் எனக்கு நிரந்தர இரவு ஷிஃப்ட் வந்தது. வாரத்தில் ஐந்து இரவு வேலை, இரண்டு இரவு விடுமுறை. வேலை இரவுகள் எப்படியோ ஓடிவிடும். விடுமுறை இரவுகள்தான் படாத பாடு படுத்தின. மனைவியும் மகளும் பத்து மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். எனக்கு விடியற்காலை நான்கு மணி வரை கண் மூடாது. ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்ததில் தலைவலிதான் மிச்சம். பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே நெப்போலியன் காலத்துப் போர்கள் மேல் எனக்கு ஒரு தீராத ஆசை உண்டு. சரி, 1815இல் பெல்ஜியத்தில் வெலிங்டனின் பிரிட்டிஷ் கூட்டுப்படையும், அன்றைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் படையும் சேர்ந்து நெப்போலியனைத் தோற்கடித்த அந்த வாட்டர்லூ போரையே மேசை மேல் விரித்து, தனியாக விளையாடிப் பார்ப்போம் என்று இறங்கினேன். எட்டு மாதம் ஆகிறது. 30,000 ரூபாய்க்கு மேல் போய்விட்டது. நடுவில் ஒரு மாதம் மேசைப் பக்கம் போகவே மனம் கசந்தது. கடைசியில் நான் தேடிய விளையாட்டு 1,600 ரூபாயில் கிடைத்தது. இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் எவ்வளவோ மிச்சமாகியிருக்கும். எனக்குச் சொல்ல ஆள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

இந்த வகை விளையாட்டைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. இதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சிப்பாய் பொம்மைகளை வாங்கி வண்ணம் தீட்டி, மேசையில் வரிசையாக நிறுத்தி, அளவுகோலால் தூரம் அளந்து நகர்த்துவது. இன்னொன்று, அறுகோணக் கட்டங்கள் போட்ட வரைபடத்தின் மேல் சின்னச் சின்ன அட்டைச் சில்லுகளை நகர்த்துவது. ஒவ்வொரு சில்லும் ஒரு படைப்பிரிவு. அதன் மேல் அச்சிட்ட எண்கள் அதன் பலத்தையும், ஒரு சுற்றில் எத்தனை கட்டம் போகும் என்பதையும் சொல்லும். மோதினால் பகடை உருட்டி முடிவு பார்க்க வேண்டும். சதுரங்கம் மாதிரிதான், ஆனால் நிலத்துக்கும் சேற்றுக்கும் களைப்புக்கும் பயத்துக்கும் இதில் கணக்கு உண்டு. எனக்குப் பிடித்ததே அதுதான்.

நான் முதலில் பிடித்தது பொம்மை வழியை. படங்களில் அவ்வளவு அழகாக இருந்தது. 28 மில்லிமீட்டர் உயரப் பிளாஸ்டிக் சிப்பாய்கள், நான்கு பெட்டிகள், மொத்தம் 152 உருவங்கள், வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். அனுப்பும் செலவோடு 13,800 ரூபாய். பார்சல் வந்தபோது சுங்க வரி என்று இன்னொரு 6,200 கேட்டார்கள். பொம்மை வகையில் வரும் சரக்குக்கு நம் நாட்டில் இறக்குமதி வரி மிக அதிகம். நான் அதை விசாரிக்கவே இல்லை. வண்ணம், தூரிகை, வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாக அடிக்கும் பிரைமர் ஸ்ப்ரே எல்லாம் சேர்ந்து 4,700. ஆக, ஒரு சிப்பாய் மேசையில் நிற்பதற்கு முன்பே 24,700 ரூபாய் காலி. வெளிநாட்டில் வாங்குவதாக இருந்தால், கடைக்காரர் காட்டும் விலையை அப்படியே நம்பாதீர்கள். அனுப்பும் செலவு, வரி இரண்டையும் கூட்டி ஒரு காகிதத்தில் எழுதி, அந்தத் தொகையை ஒரு ராத்திரி பார்த்துவிட்டு அப்புறம் வாங்குங்கள்.

பெட்டிகள் வந்தது நவம்பரில். சென்னையில் அது மழைக்காலம். மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டில் நின்று பிரைமர் அடித்தேன். காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது ஸ்ப்ரே அடித்தால் அது மேற்பரப்பில் படியாமல் மாவு தூவியது போல் வெள்ளையாகப் பூத்துவிடும். 36 உருவங்களின் முகமும் பொத்தானும் தெரியாமல் போயின. அன்று இரவு உண்மையிலேயே அழுகை வந்தது. வேலை போன துக்கம் மாதிரி இருந்தது என்றால் மிகையில்லை. நம் ஊரில் இதைச் செய்பவர்கள் ஸ்ப்ரேயை விட்டுவிட்டுத் தூரிகையால் பூசும் பிரைமரை வாங்குவது நல்லது. ஸ்ப்ரேதான் வேண்டும் என்றால் நல்ல வெயில் நாளில், முதலில் ஒரே ஒரு உருவத்தில் அடித்துப் பார்த்துவிட்டு, காய்ந்தபின் மற்றவற்றைத் தொடுங்கள்.

மீதியில் 36 உருவங்களை எடுத்து வண்ணம் தீட்டி முடிக்க ஐந்து வாரம் ஆயிற்று. சீருடையின் காலர் நிறம் சரியாக இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தில் ஒரு வாரம் முழுக்கப் படித்தேன். அதில் ஒரு விஷயம் கிடைத்தது. வாட்டர்லூவில் வெலிங்டன் பக்கத்தில் ஹால்கெட் என்பவரின் பிரிகேடில் நின்ற நான்கு பட்டாலியன்கள் (சில நூறு பேர் கொண்ட அணிகள்; சில பட்டாலியன்கள் சேர்ந்தது பிரிகேட்) 30, 33, 69, 73 என்ற எண்ணுள்ள ரெஜிமென்டுகளைச் சேர்ந்தவை. இதில் 33ஆவது ரெஜிமென்ட், பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லஸ்லி கர்னலாக இருந்து நடத்தியது. 1799இல் அவருடன் ஸ்ரீரங்கப்பட்டணம் முற்றுகைக்கு வந்தது. 69ஆவது ரெஜிமென்டின் வேறொரு பட்டாலியனில் ஒரு பகுதிதான் 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டைக்குள் இருந்தது, சிப்பாய்கள் எழுந்த அந்த விடியற்காலையில். பெல்ஜியத்துச் சேற்றில் நடந்த போர் என்று தூரமாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, அந்த எண்களைப் பார்த்ததும் உடம்பு சிலிர்த்தது. அந்த ஒரு வாரத்தை நான் நஷ்டக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆனால் மொத்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோதுதான் உண்மை உறைத்தது. என்னிடம் இருந்த விதிகளில் ஒரு பொம்மை 20 சிப்பாய்க்குச் சமம். 600 பேர் கொண்ட ஒரு பட்டாலியனுக்கு 30 பொம்மை வேண்டும். வாட்டர்லூவில் நெப்போலியனிடம் மட்டும் சுமார் 73,000 பேர். அதாவது 3,650 பொம்மைகள். ஐந்து வாரத்துக்கு 36 என்ற என் வேகத்தில், பிரெஞ்சுப் படைக்கு மட்டுமே ஏறத்தாழ பத்து வருடம். எதிரே வெலிங்டனின் 68,000 பேர். அப்புறம் மாலையில் வந்து சேர்ந்த பிரஷ்யர்கள். வாங்குவதற்கு முன் இந்த வகுத்தல் கணக்கைப் போட எனக்குத் தோன்றவே இல்லை. பொம்மை வழி தவறு என்று சொல்லவில்லை. வண்ணம் தீட்டுவதே இன்பம் என்பவர்களுக்கு அது ஒரு வாழ்நாள் இன்பம். ஆனால் போரை விளையாட வேண்டும் என்பது உங்கள் ஆசையானால், முதலில் பொம்மை வாங்காதீர்கள்.

பிப்ரவரியில் இரண்டாவது வழிக்கு மாறினேன். பெட்டியில் வந்த அட்டைச் சில்லு விளையாட்டு, வரியோடு 5,400 ரூபாய். ஒரு கட்டம் களத்தில் 400 மீட்டர், ஒரு சுற்று போரில் ஒரு மணி நேரம். காகித வரைபடத்தை மேசையில் விரித்தேன். மடிப்புகள் படியவில்லை. ஈரக் காற்றில் ஓரங்கள் சுருண்டன. எல்லாவற்றையும் விட, மின்விசிறி. ஒரு விரல்நுனி அகலமே உள்ள அட்டைச் சில்லுகள். விசிறி இல்லாமல் நம் ஊரில் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. விசிறி போட்டால் பிரெஞ்சுத் தளபதி ரெய்லின் கோர் (பல ஆயிரம் பேர் கொண்ட பெரும் படைப்பிரிவு) முழுவதும் சோபாவுக்குக் கீழே போய்விடுகிறது. இரண்டு முறை ஆட்டத்தை அப்படி இழந்தேன். மூன்றாவது முறை, மகள் காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது சாப்பிட இடம் வேண்டும் என்று மேசையைக் காலி செய்ய வேண்டியதாயிற்று.

இதற்கு நான் கண்ட தீர்வைச் சொல்கிறேன். புகைப்படச் சட்டம் போடும் கடையில் மூன்றடிக்கு இரண்டடி தெளிவான அக்ரிலிக் தகடு வெட்டித் தருவார்கள். எனக்கு 850 ரூபாய் ஆயிற்று. வரைபடத்தைக் கீழே வைத்து அதன் மேல் இந்தத் தகட்டை வைத்தால் காகிதம் தட்டையாகிவிடும். சில்லுகளின் அடியில் கொஞ்சம் ஒட்டுக்களிமண், சுவரில் படம் ஒட்டப் பயன்படுத்துவோமே, அதைக் கடுகளவு கிள்ளி வைத்தால் விசிறிக் காற்றுக்கு அசையாது. இது எல்லாவற்றையும் ஒரு பிளைவுட் பலகை மேல் வைத்துக்கொள்ளுங்கள். பலகைக்கு 450 ரூபாய் கொடுத்தேன். ஆட்டம் பாதியில் நின்றால் பலகையோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடலாம். தனியாக விளையாடுபவருக்கு ஒரே இரவில் ஆட்டம் முடியாது. பத்திரமாக நிறுத்திவைக்க ஓர் இடம் இல்லையென்றால் எந்த ஆட்டமும் முடியாது. சில்லுகளை எடுக்க ஓர் இடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். குனிந்தே இருக்காமல் ஒரு சுற்று நின்று, ஒரு சுற்று உட்கார்ந்து விளையாடுங்கள். நான் அதைச் செய்யாமல் மார்ச் மாதம் முழுக்க இடுப்பு வலியில் கிடந்தேன்.

சரி, ஏற்பாடுகள் முடிந்தன. மார்ச்சில் முதல் முழு ஆட்டம். ஆறு இரவுகள், மொத்தம் பதினேழு மணி நேரம். பிரெஞ்சுக்காரர்கள் ஜெயித்தார்கள். எனக்கு எந்தச் சந்தோஷமும் வரவில்லை. ஏதோ கணக்குப் புத்தகத்தை வரவு செலவு பார்த்து மூடியதுபோல் இருந்தது. மறுபடி ஆடினேன். அதே உணர்வு. அன்று இரவு இரண்டு மணிக்கு மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தாள். மேசையைப் பார்த்துவிட்டு, "இதுல உங்களுக்கு எதிரா யாருங்க ஆடுறது?" என்று கேட்டாள். நானேதான் என்றேன். "அப்போ நீங்க என்ன செய்யப் போறீங்கன்னு அவருக்குத் தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். நான் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தொந்தரவு என்ன என்று அப்போதுதான் புரிந்தது. அது புரிந்ததும் இத்தனை பணமும் நேரமும் வீண்தானோ என்ற பயமும் வந்துவிட்டது. ஏப்ரல் முழுக்கப் பலகையைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை.

நான் என்ன செய்திருந்தேன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தனியாக ஆடும் எல்லோரும் இதில்தான் விழுவார்கள். பிரஷ்யர்கள் மாலை நாலரை மணி வாக்கில் கிழக்கே பாரிஸ் காடு என்ற மரக்கூட்டத்திலிருந்து வெளிப்பட்டு ப்ளான்ஸ்னுவா கிராமத்தைத் தாக்குவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நெப்போலியனாக ஆடும்போது தளபதி லோபோவின் கோர் முழுவதையும் காலை முதல் சுற்றிலேயே அந்தக் கிராமத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். வெலிங்டனின் ஆட்கள் காத்த ஹூகுமோன் பண்ணை வீடு நாள் முழுக்க பிரெஞ்சுச் சிப்பாய்களை விழுங்கியது என்று எனக்குத் தெரியும். அதனால் அதன் பக்கமே போகவில்லை. உடனே மேசையைச் சுற்றி வந்து வெலிங்டனாக உட்கார்ந்து, "ஹூகுமோனைத்தான் தாக்கப் போவதில்லையே" என்று அங்கிருந்த காவலைக் குறைத்துவிட்டேன். உண்மையான வெலிங்டன் என்ன செய்தார்? பிரெஞ்சுப் படை மேற்கே சுற்றி வந்துவிடுமோ என்று பயந்து, ஏறத்தாழ 17,000 பேரை 15 கிலோமீட்டருக்கு அப்பால் ஹால் என்ற ஊரில் நிறுத்திவைத்தார். உயிர் போகும் அந்த நாளில் அவர்கள் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. தெரியாமைக்கு அவர் கொடுத்த விலை அது. என் மேசையில் அந்த விலையை யாருமே கொடுக்கவில்லை. எல்லாம் தெரிந்த இருவர் ஆடினால் அது போரே இல்லை.

மே மாதம் ஒரு விடியற்காலையில் பழைய பிரஷ்ய ராணுவப் பயிற்சி விளையாட்டைப் பற்றிப் படித்தேன். க்ரீக்ஸ்ஷ்பீல் என்று பெயர். ரைஸ்விட்ஸ் என்ற அதிகாரி தன் தந்தை தொடங்கியதைச் சீர்படுத்தி 1824இல் விதிகளை வெளியிட்டார். அதில் இரண்டு கட்சிக்கும் நடுவே ஒரு நடுவர் இருப்பார். முழு வரைபடமும் அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆடுபவர்கள் கட்டளையை எழுதிக் கொடுப்பார்கள். தூதன் குதிரையில் போய்ச் சேரும் நேரம் கழிந்த பிறகுதான் அது நிறைவேறும். களத்தில் ஒரு தளபதிக்குக் கண்ணில் படக்கூடியதை மட்டுமே நடுவர் சொல்வார். படிக்கும்போதே மனதில் ஏதோ திறந்தது. இவ்வளவு நாளாக எனக்கு எதிராளி இல்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு இல்லாமல் போனது எதிராளி அல்ல, நடுவர். எதிராளியாக நான் நடிக்க முடியாது; ஆனால் நடுவரின் வேலையில் பாதியைப் பகடைக்கும் கடித உறைக்கும் காலத்துக்கும் பிரித்துக் கொடுக்கலாம்.

முதலில் செய்தது: இரண்டு பக்கமும் ஆடுவதை நிறுத்தினேன். ஏதாவது ஒரு பக்கத்தை மட்டும் எனதாக எடுத்துக்கொள்வது. எதிர்ப்பக்கத்துத் தளபதி ஒவ்வொருவருக்கும் அந்த நேரத்தில் செய்யக்கூடிய மூன்று காரியங்களை எழுதுவேன். அவர் சுபாவத்துக்கு மிகவும் ஏற்றதற்கு 1, 2, 3. அடுத்ததற்கு 4, 5. யாரும் எதிர்பார்க்காததற்கு 6. பகடை என்ன சொல்கிறதோ அதுதான். முக்கியம், மூன்றையும் பகடை உருட்டுவதற்கு முன் எழுதியாக வேண்டும். உருட்டிய பிறகு யோசித்தால் மனம் நமக்குச் சாதகமாகவே வளையும். நான் வளைந்திருக்கிறேன். பகடை மேசை விளிம்பில் சாய்ந்து நின்றது, செல்லாது என்று சொல்லி மறுபடி உருட்டியிருக்கிறேன். பார்க்க யாருமே இல்லாத அறையில் அப்படிச் செய்துவிட்டு வெட்கப்பட்டேன். அதற்குப் பிறகு ஓரம் உயர்ந்த ஒரு எவர்சில்வர் தட்டில்தான் உருட்டுவது, விழுந்தது விழுந்ததுதான் என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது, என் கட்டளைக்கும் தாமதம் வைத்தேன். சேனாதிபதி இருக்கும் கட்டத்திலிருந்து படைப்பிரிவு எவ்வளவு தூரம் என்று பார்த்து, அதற்கேற்பச் சுற்றுக்கள் கழித்துத்தான் கட்டளை போய்ச் சேரும். போய்ச் சேர்ந்தாலும் ஒரு பகடை உண்டு. 1 விழுந்தால் தளபதி தவறாகப் புரிந்துகொண்டார் என்று பொருள். முதல் தடவை இந்த விதியால் பிரெஞ்சுத் தளபதி டெர்லோனின் கோர் முழுவதும் இரண்டு சுற்று சும்மா நடந்துகொண்டே இருந்தது. இது அபத்தம், விதியை மாற்ற வேண்டும் என்று தோன்றியது. அப்புறம் நினைவுக்கு வந்தது. வாட்டர்லூவுக்கு இரண்டு நாள் முன்னால், 1815 ஜூன் 16 அன்று, இதே டெர்லோன் இதே 20,000 பேரோடு லின்யி போர்க்களத்துக்கும் காத்ர் ப்ரா போர்க்களத்துக்கும் நடுவே முரண்பட்ட கட்டளைகளால் போய் வந்துகொண்டிருந்தார். இரண்டு போரிலும் அவர் படை கலந்துகொள்ளவில்லை. விதியை மாற்றவில்லை. நம் விதி அநியாயமாகத் தோன்றும்போது, மாற்றுவதற்கு முன்னால் சரித்திரத்தில் அப்படி நடந்திருக்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக் கதையும் அப்போது எனக்குத் துணை நின்றது. 1799 ஏப்ரல் 5 இரவு, சுல்தான்பேட்டைத் தோப்பைப் பிடிக்க வெல்லஸ்லி தன் 33ஆவது ரெஜிமென்டோடு இருட்டில் இறங்கினார். பகலில் அந்த இடத்தைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. மரங்களுக்கு நடுவே படை சிதறி, திப்புவின் ஆட்களிடம் அடி வாங்கிப் பின்வாங்க வேண்டியதாயிற்று. மறுநாள் வெளிச்சத்தில்தான் பிடித்தார்கள். பகலில் வேவு பார்க்காத இடத்தை இரவில் தாக்குவதில்லை என்று அதன் பிறகு அவர் உறுதி எடுத்துக்கொண்டார். வாட்டர்லூவை ஜெயித்த மனிதரும் ஒரு தோப்புக்குள் வழி தெரியாமல் நின்றவர்தான். என் அட்டைச் சில்லுகள் வழி தவறும்போதெல்லாம் எனக்கு அந்தத் தோப்பு ஞாபகம் வரும்.

இவ்வளவு செய்த பிறகும் முழு வாட்டர்லூ எனக்குக் கனமாகவே இருந்தது. ஓர் ஆளாக அத்தனை தளபதிகளுக்கும் பகடை உருட்டுவதற்குள் இரவு முடிந்துவிடும். அதனால் சுருக்கினேன். போர்க்களத்தின் நடுவில் இருந்த லா ஹே சாந்த் என்ற ஒரே ஒரு பண்ணை வீடு. அதைக் காத்தவர் வெலிங்டன் பக்கத்து மேஜர் பாரிங், அவரிடம் ஜெர்மானியர்கள் அடங்கிய இலகுக் காலாட்படைப் பட்டாலியன் ஒன்று, தொடக்கத்தில் சுமார் 400 பேர். முந்தின இரவு மழையில் குளிர்காயக் களஞ்சியத்தின் கதவையே யாரோ விறகாக எரித்துவிட்டார்கள். அந்தத் திறந்த வாசலை உடம்பால் அடைத்துக்கொண்டு மதியம் முதல் மாலை வரை நின்றார்கள். அவர்களிடம் இருந்தது பேக்கர் ரைஃபிள். மற்றவர்களின் மஸ்கெட் துப்பாக்கித் தோட்டா அதற்குச் சரிப்படாது. தோட்டா வேண்டும் என்று பாரிங் திரும்பத் திரும்ப ஆள் அனுப்பினார். வரவே இல்லை. மாலை ஆறு மணிக்கு மேல், சுட ஒன்றும் இல்லாமல் வெளியேறியபோது அவரோடு 42 பேர்தான் இருந்தார்கள்.

தனி ஆளுக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் எனக்குத் தெரிந்து இல்லை. தாக்குபவர்களுக்குத் தந்திரம் தேவையில்லை. அவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். எந்தத் திசையில், எவ்வளவு பலத்தோடு என்பதைப் பகடை சொன்னால் போதும். என் கையில் இருப்பது பாரிங்கின் சில முடிவுகள் மட்டும். பண்ணையின் வரைபடத்தை நானே வரைந்து ஜெராக்ஸ் கடையில் பெரிதாக எடுத்தேன், 180 ரூபாய். 120 ரூபாய் ஃபோம் அட்டையில் சில்லுகள் வெட்டினேன். ஏற்கெனவே இருந்த அக்ரிலிக் தகடும் பலகையும் சேர்த்தால்தான் அந்த 1,600. அரை மணிக்கு ஒரு சுற்று, மதியம் ஒன்றரை முதல் ஆறரை வரை பத்து சுற்று. என் ஆட்கள் ஒன்பது சில்லு. தோட்டாவுக்கு வீட்டில் இருந்த உளுந்து. சுடும் ஒவ்வொரு முறையும் ஓர் உளுந்தை எடுத்துக் கிண்ணத்தில் போட வேண்டும். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் ஆளைத் தோட்டா கேட்டு அனுப்பலாம். அவன் திரும்பும் வரை அந்தச் சில்லு சுவரில் இருக்காது. 6 விழுந்தால் மட்டுமே தோட்டா வரும். களஞ்சியத்தில் தீப் பிடித்தால் அணைக்க ஆள் விட வேண்டும். உண்மையில் அங்கே உதவிக்கு வந்த நசாவ் என்ற ஜெர்மானியச் சிற்றரசின் வீரர்கள் முதுகில் சுமந்திருந்த பெரிய சமையல் பாத்திரங்களில் தண்ணீர் மொண்டு அணைத்தார்கள். என் ஆட்டத்திலும் நசாவ் சில்லுதான் தீயை அணைக்கும். அணைக்கிற சுற்றில் அது சுடாது.

மூன்றாவது தடவை ஆடிய இரவை மறக்க முடியாது. மாலை ஐந்து மணிச் சுற்று. கிண்ணத்துக்கு வெளியே நான்கு உளுந்து. சுவரில் ஐந்து சில்லு. களஞ்சியம் எரிகிறது. தோட்டத்துப் பக்கமும் சாலைப் பக்கமும் ஒரே நேரத்தில் தாக்குதல். நசாவ் சில்லைத் தீயிலிருந்து எடுத்துச் சுவருக்கு அனுப்பினால் கூரை போகும். அனுப்பாவிட்டால் வாசல் போகும். நான் எழுந்து சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். பத்து நிமிடம் நின்றேன். தோட்டா கேட்டுப் போனவனுக்குப் பகடை உருட்டினேன், 5 விழுந்தது. அந்த எவர்சில்வர் தட்டின் ஓசை இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு என்ன நடக்கும் என்று தெரியவில்லை. எட்டு மாதத்தில் முதல் முறையாக என் மேசையில் எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. வீட்டைக் காலி செய்து தோட்டம் வழியாகப் பின்வாங்க முடிவெடுத்தேன். மூன்று சில்லு தப்பியது. இதுவரை ஏழு முறை ஆடியிருக்கிறேன், இரண்டு முறைதான் ஆறரை வரை நின்றேன். ஓர் ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்று முடிந்ததும் இரண்டு வரி, தளபதி எழுதுவது போல: என்ன பார்த்தேன், என்ன பயம், என்ன கட்டளை. தனியாக ஆடுபவருக்குப் பேசத் துணை இல்லை, நோட்டுதான் துணை. மேலும் இரண்டு வாரம் இடைவெளி விட்டு வரும்போது ஆட்டம் எங்கே நின்றது என்று அதுதான் சொல்லும். இன்னொன்று, பெரிய ஆட்டங்களில் இரு பக்கமும் ஆடியே தீர வேண்டும் என்றால், ஒரு பக்கத்தின் கட்டளைகளை ஒரு வாரம் எழுதி உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். அடுத்த வாரம் மறுபக்கம். நடுவில் வீட்டு வேலையும் ஆபீஸ் வேலையும் வந்து எழுதியதில் பாதியை மறக்கடித்துவிடும். மறதியைப் போல நல்ல திரை வேறில்லை.

வண்ணம் தீட்டிய 36 பொம்மைகள் கண்ணாடி அலமாரியில் நிற்கின்றன. பிரிக்காத இரண்டு பெட்டிகளைப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டேன். இப்போது இரண்டு வாரமாகப் பெரிய ஆட்டம் ஒன்று நடக்கிறது, நான் நெப்போலியன் மட்டும். பிரஷ்யர்களைத் துரத்தப் போன பிரெஞ்சு மார்ஷல் க்ரூஷியிடம் 33,000 பேர் இருக்கிறார்கள். ஜூன் 18 மதியம் வாலேன் என்ற ஊரில் பீரங்கிச் சத்தம் கேட்டபோது, சத்தம் வரும் பக்கமே போவோம் என்று தளபதி ஜெரார் மன்றாடினார். க்ரூஷி கேட்காமல் வாவ்ர் என்ற ஊருக்குப் போனார். என் ஆட்டத்தில் அவர் என்ன செய்வார் என்று மூன்று தாள்களில் எழுதினேன்: வாவ்ருக்குப் போகிறார், சத்தத்தை நோக்கி வருகிறார், வழியில் கட்டளைக்காகக் காத்து நிற்கிறார். ஒரே மாதிரி மூன்று உறை. மனைவியிடம் கொடுத்து ஒன்றை எடுக்கச் சொன்னேன். "எதுல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே ஒன்றை எடுத்து, மற்ற இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினாள். இன்று வெள்ளிக்கிழமை. பலகையில் மணி மதியம் இரண்டு, டெர்லோனின் ஆட்கள் பள்ளத்தாக்கில் சேற்றுக்குள் இறங்கிவிட்டார்கள். அந்த உறை சர்க்கரை டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. நாளை இரவு, பலகையில் மாலை நான்கு மணிச் சுற்று வரும்போது பிரிப்பேன்.